ஒரு செயலி, நான்கு வகைப் பயனர்கள்: உள்நுழைவு முறையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சிறிய மருத்துவமனைகளுக்கும் பரிசோதனை நிலையங்களுக்கும் மென்பொருள் எழுதித் தரும் நால்வர் குழு ஒன்றின் தலைமை நிரலாளர் நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர்களுடைய செயலியில் வரவேற்பு மேசை ஊழியர்கள் முன்பதிவுகளைக் கவனிக்கிறார்கள். மருத்துவர்கள் தங்கள் கைப்பேசியிலிருந்தே நோயாளிக் குறிப்புகளைப் பார்க்கிறார்கள். நோயாளிகள் பரிசோதனை முடிவுகளைத் தாங்களே இறக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் கணக்குகளை உருவாக்கவும் நீக்கவும் ஒரு நிர்வாகி இருக்கிறார். இப்போதைக்கு எல்லோருக்கும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும்தான். கடவுச்சொற்கள் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷாக (நேராகத் திருப்பி மீட்க முடியாத கணித உருமாற்றமாக), செயலி முழுவதற்கும் பொதுவான ஒரே சால்ட்டுடன் (ஹேஷ் செய்யும்போது கடவுச்சொல்லோடு கலக்கும் கூடுதல் எழுத்துக்கோவையுடன்) சேமிக்கப்பட்டுள்ளன. அடுத்த பதிப்பில் இதை மாற்றியாக வேண்டும் என்பதில் குழுவில் எல்லோருக்கும் உடன்பாடு. எதற்கு மாற்றுவது என்பதில்தான் தகராறு. கடவுச்சொல்லையே ஒழித்துவிட்டுக் குறுஞ்செய்தி ஓடிபி வைக்கலாம் என்கிறார் ஒருவர். 'கூகுள் மூலம் உள்நுழைக' என்ற பொத்தான் போதும், அதற்குப் பின்னுள்ள ஓஆத் முறை இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்கிறார் இன்னொருவர். உள்நுழைந்தவரைச் சர்வருக்கு அடையாளம் காட்டும் செஷன் குக்கியைக் கைவிட்டு, பயனரின் விவரத்தையும் கையொப்பத்தையும் தன்னுள்ளேயே கொண்ட ஜேடபிள்யூடி டோக்கனுக்கு மாறினாலே பாதுகாப்பு கூடிவிடும் என்பது மூன்றாமவரின் கட்சி. கடிதம் எழுதியவர், கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்திலுள்ள சாவியைக் கைரேகையாலோ முகத்தாலோ திறந்து உள்நுழையும் பாஸ்கீ பக்கம் சாய்கிறார். ஆனால் ஆயிரக்கணக்கானோரின் கைரேகைகளைத் தங்கள் சர்வரில் வைத்திருக்கும் பொறுப்பை நினைத்துத் தயங்குகிறார். இதற்கிடையில், வரவேற்பு மேசைக்கு ஒரே பொதுக் கணக்குதான் வேண்டும், கடவுச்சொல்லை 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வைக்க வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் நிபந்தனை போட்டிருக்கிறார். "இருப்பதில் மிகப் பாதுகாப்பான ஒன்றைச் சொல்லுங்கள், அதையே எல்லோருக்கும் வைத்துவிடுகிறோம்" என்று முடித்துவிட்டு, இதையெல்லாம் தாங்களே எழுதுவதா, வெளிச்சேவையை வாங்குவதா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மிகப் பாதுகாப்பான முறை என்று ஒன்றைச் சொல்வது கடினமில்லை. யூஎஸ்பியில் செருகும் வன்பொருள் பாதுகாப்புச் சாவியைப் பெரும்பாலான வல்லுநர்கள் முதலிடத்தில் வைப்பார்கள். அந்தச் சாவியை எழுபது வயது நோயாளி ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். சில வாரங்களில் தொலைந்துவிட்டது என்று மேசை முன் வந்து நிற்பார். ஊழியர் இரக்கப்பட்டு, பெயரையும் கைப்பேசி எண்ணையும் மட்டும் கேட்டுவிட்டுக் கணக்கைத் திறந்து கொடுப்பார். அன்றிலிருந்து பெயரும் எண்ணும் தெரிந்த எவரும் அந்தக் கணக்கைத் திறக்கலாம். சாவியின் உறுதி எதற்கும் பயன்படாது. எனவே ஒவ்வொரு வகைப் பயனரும் தம் சாதனத்தையோ கடவுச்சொல்லையோ இழந்த பிறகு எப்படித் திரும்பி வருவார், அவர்தான் அவர் என்று யார் உறுதி சொல்வார் என்பதை முதலில் எழுதி வையுங்கள். அதை எழுதி முடிக்கும்போது, யாருக்கு எந்த உள்நுழைவு முறை என்ற கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்திருக்கும். நான்கு வகையினருக்கும் ஒரே விடை வராது என்பதும் தெரிந்திருக்கும்.

அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கக் கூடாத வேலை

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், இப்போது தரவுத்தளத்தில் கிடக்கும் ஹேஷ்களை உடனே கவனியுங்கள். எஸ்ஹெச்ஏ-256 பழுதாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியன்று. ஒரு கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க அது இன்றும் உறுதியானதே. கடவுச்சொல்லுக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் அதன் வேகம்: நவீன கிராபிக்ஸ் அட்டை ஒன்றே நொடிக்குப் பல நூறு கோடி முறை அதைக் கணக்கிட்டுவிடும். சால்ட்டும் பொதுவாக இருப்பதால், திருடியவர் ஒவ்வொரு ஊகத்தையும் ஒரே ஒருமுறை கணக்கிட்டு எல்லாக் கணக்குகளோடும் ஒப்பிட்டுவிடலாம். 2012-ல் லிங்க்டுஇன் தளத்திலிருந்து கசிந்தவை சால்ட்டே இல்லாத எஸ்ஹெச்ஏ-1 ஹேஷ்கள். அப்போது வெளியே தெரிந்தவை சுமார் 65 லட்சம்; களவுபோனவை பத்துக் கோடிக்கும் மேல் என்பது 2016-ல்தான் தெரியவந்தது. தரவு எப்போது திருடப்பட்டது, எவ்வளவு திருடப்பட்டது என்பதே நமக்குப் பல ஆண்டுகள் தெரியாமல் போகலாம் என்பதால்தான் ஹேஷை முன்கூட்டியே உறுதியாக வைக்கச் சொல்கிறோம்.

கடவுச்சொல் ஹேஷ்களுக்கென்றே நடந்த போட்டியில் 2015-ல் வென்ற ஆர்கான்2 முறையின் 'ஐடி' வகையைப் பயன்படுத்துங்கள். இணையச் செயலிகளின் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவுகளில் ஒன்று 19 எம்பி நினைவகம், 2 சுற்றுகள். பயனர்கள் மீண்டும் உள்நுழையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போதுள்ள பழைய ஹேஷையே உள்ளீடாகக் கொடுத்து, ஆளுக்கொரு தனி சால்ட்டுடன் ஆர்கான்2 ஹேஷாக இன்றிரவே மாற்றி, பழையதை அழித்துவிடலாம். பிறகு ஒவ்வொருவரும் உள்நுழையும்போது நேரடி ஹேஷாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பழைய பேக்கப் கோப்புகளிலும் அதே ஹேஷ்கள் கிடக்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஏதோ காரணத்தால் பிகிரிப்ட் என்ற பழைய ஹேஷ் முறைதான் கிடைக்கிறது என்றால், அது 72 பைட்டுகளுக்கு மேல் பார்க்காது என்பதை நினைவில் வையுங்கள். தமிழில் கடவுச்சொல் வைப்பவருக்கு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் என்ற கணக்கில் 24 குறியீடுகளோடு இடம் முடிந்துவிடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு: 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஹேஷ் வேறாக வரும். கைப்பேசியில் நுழைய முடிகிறது, கணினியில் முடியவில்லை என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்கலாம். ஹேஷ் செய்வதற்கு முன் எழுத்துக்கோவையை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷனைச் செய்துவிடுங்கள்.

90 நாள் நிபந்தனையும் கடவுச்சொல் விதிகளும்

உங்கள் வாடிக்கையாளர் கேட்பது ஒரு காலத்தில் எல்லோரும் சொன்னதுதான். ஆனால் இத்தகைய விதிகளுக்குப் பலரும் முன்மாதிரியாகக் கொள்ளும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி, காரணமில்லாமல் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றச் சொல்லக் கூடாது என்று 2017-லேயே தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசி எண்ணை 1-லிருந்து 2 ஆக்குவார்கள். முந்தைய கடவுச்சொல் தெரிந்தவருக்கு அடுத்ததும் தெரிந்துவிடும். கசிந்ததற்கான அறிகுறி தென்பட்டால் மட்டும் உடனே மாற்ற வையுங்கள்.

2025-ல் வந்த திருத்தத்தின்படி, கடவுச்சொல் மட்டுமே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்துகள் வேண்டும். இரண்டாவது காரணி ஒன்றும் (ஓடிபி போன்ற கூடுதல் சான்று) கூடவே இருந்தால் 8 போதும். பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி என்ற கட்டாயங்களை எடுத்துவிட்டு, ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு நிராகரியுங்கள். கசிந்த கடவுச்சொற்களைத் தொகுத்து வைத்திருக்கும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' சேவைக்குக் கடவுச்சொல்லின் எஸ்ஹெச்ஏ-1 ஹேஷில் முதல் ஐந்து எழுத்துகளை மட்டும் அனுப்பி, திரும்பி வரும் பட்டியலை உங்கள் பக்கத்திலேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம். முழுக் கடவுச்சொல் வெளியே போவதில்லை. கடவுச்சொல் பெட்டியில் ஒட்டுவதைத் தடுக்கும் வழக்கம் உங்கள் செயலியில் இருந்தால் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். கடவுச்சொல் மேலாளர் வைத்திருக்கும் நல்ல பயனரைத்தான் அது தண்டிக்கிறது.

நோயாளிகள்: ஓடிபி போதும், ஆனால் எண் என்பது ஆள் இல்லை

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வரும் நோயாளிக்குக் கடவுச்சொல் வைப்பது வீண் என்று உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் ஒவ்வொரு முறையும் மறந்துவிட்டு, 'மறந்துவிட்டேன்' பொத்தான் வழியாகத்தான் வரப்போகிறார். அவருக்குக் குறுஞ்செய்தி ஓடிபி ஏற்கத்தக்கதே. ஆனால் அதன் குறைகளை அறிந்தே ஏற்க வேண்டும்.

குறுஞ்செய்தியை வழியில் பறிக்கலாம். தொலைத்தொடர்பு நிறுவன ஊழியரை ஏமாற்றி ஒருவரின் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிவிடலாம். 2018-ல் ரெட்டிட் தளத்தின் ஊழியர் கணக்குகள் சிலவற்றில் குறுஞ்செய்திக் குறியீடுகள் இடைமறிக்கப்பட்டே நுழைவு நடந்தது. 2019-ல் ட்விட்டரின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே சிம் மாற்று மோசடியில் கைமாறியது. ஆறு இலக்க ஓடிபிக்கு வாய்ப்புகள் பத்து லட்சம்தான். ஒரு குறியீட்டுக்கு ஐந்து முயற்சிக்கு மேல் அனுமதிக்காதீர்கள். ஓர் எண்ணுக்கு மணிக்கு எத்தனை குறுஞ்செய்தி போகலாம் என்பதற்கும் வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பக்கத்தை வைத்தே ஆயிரக்கணக்கில் ஓடிபி அனுப்ப வைத்துக் காசு பார்க்கும் கும்பல் ஒன்று வந்து சேரும். கட்டணச் சீட்டு உங்கள் பெயருக்கு வரும்.

இவற்றைவிட உங்கள் செயலிக்கே உரிய சிக்கல் ஒன்றைக் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: ஒரே கைப்பேசி எண்ணில் ஐந்து நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். மகனின் எண்ணில் பெற்றோர், கணவரின் எண்ணில் மனைவி. இங்கே ஓடிபி நிரூபிப்பது அந்தக் கைப்பேசியை யாரோ கையில் வைத்திருக்கிறார் என்பதை மட்டுமே. எந்த நோயாளி என்பதை அன்று. மனைவியின் கர்ப்பப் பரிசோதனை முடிவை அவருக்கு முன்னால் கணவர் பார்த்துவிடலாம். பிறந்த தேதியைக் கூடுதலாகக் கேட்கலாமே என்று தோன்றும். குடும்பத்தினருக்குத் தெரியாத பிறந்த தேதி ஏது? பதிவின்போதே, 'இந்த எண்ணுக்கு முடிவுகளை அனுப்பலாமா, நேரில்தான் தர வேண்டுமா' என்று ஒவ்வொரு நோயாளியிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பதிந்துகொள்வதும், சில வகைப் பரிசோதனைகளை இணையத்தில் காட்டாமலேயே விடுவதும்தான் சரியான தீர்வு. இதைத் தொழில்நுட்பத்தால் மூட முடியாது.

மருத்துவர்களும் நிர்வாகிகளும்: பாஸ்கீ, உங்கள் கைரேகை பயம்

உங்கள் தயக்கத்துக்குக் காரணமே இல்லை. பாஸ்கீயில் கைரேகையோ முகமோ கைப்பேசியை விட்டு வெளியே வருவதில்லை. சாதனத்துக்குள் இருக்கும் தனிச்சாவியைத் திறக்க மட்டுமே அது பயன்படுகிறது. உங்கள் சர்வருக்கு வருவது ஒரு பொதுச்சாவியும், ஒவ்வொரு உள்நுழைவிலும் தனிச்சாவி இடும் ஒரு கையொப்பமும்தான்; பொதுச்சாவி அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டுமே உதவும். தரவுத்தளம் முழுவதும் களவுபோனாலும் அந்தப் பொதுச்சாவிகளைக் கொண்டு யாரும் உள்நுழைய முடியாது. மாறாக, மேசையில் ரேகைக் கருவியை வைத்து அச்சுகளை உங்கள் சர்வரிலேயே சேமிக்கச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். 2015-ல் வெளியான அமெரிக்க அரசுப் பணியாளர் மேலாண்மை அலுவலகத் தரவுத் திருட்டில் 56 லட்சம் பேரின் கைரேகைகள் போயின. அவர்களால் விரலை மாற்றிக்கொள்ள முடியாது.

பாஸ்கீயின் பெரிய பலன் வேறிடத்தில் இருக்கிறது. போலிப் பக்கம் ஒன்று உங்கள் செயலியைப் போலவே தோன்றி, மருத்துவரிடம் கடவுச்சொல்லை வாங்குகிறது. அதை உண்மையான சர்வரில் உடனே உள்ளிடுகிறது. மருத்துவரின் கைப்பேசிக்கு உண்மையான ஓடிபி வருகிறது. அதையும் அவர் போலிப் பக்கத்திலேயே தட்டுகிறார். முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் ஆத்தென்டிகேட்டர் செயலியின் குறியீடாக இருந்தாலும் இதே கதிதான். பாஸ்கீ அது பதிவான டொமைனோடு பிணைக்கப்பட்டது. முகவரியில் ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் பிரௌசர் அந்தச் சாவியை நீட்டாது. களைத்துப்போன மனிதர் முகவரியை உற்றுப் பார்க்க வேண்டிய அவசியமே எழுவதில்லை. இதற்கான வெப்ஆத்என் தரம் 2019-ல் இறுதியானது; 2022-ல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் பாஸ்கீக்குக் கூட்டாக ஆதரவு அறிவித்தன. ஆகவே புதிய கைப்பேசிகளில் தனியாக எதையும் நிறுவ வேண்டியிருக்காது.

மருத்துவருக்கு இரண்டு சாதனங்களிலாவது பாஸ்கீ பதிய வையுங்கள். கைப்பேசியிலிருந்து மேகக்கணக்குக்கு ஒத்திசையும் பாஸ்கீயின் பாதுகாப்பு அந்த மேகக்கணக்கின் பாதுகாப்பைப் பொறுத்தது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அது போதும். நிர்வாகிக்குப் போதாது, மற்றவர்களின் கணக்கைத் திறக்கக் கூடியவர் என்பதால் அவருக்கு இரண்டு வன்பொருள் சாவிகள், ஒன்று கையில், ஒன்று பூட்டிய அலமாரியில்.

'கூகுள் மூலம் உள்நுழைக' பற்றிச் சுருக்கமாக: ஓஆத் 2.0 ஒரு செயலி வேறொன்றின் தரவை அணுக அனுமதி தரும் முறை. உள்ளே வந்திருப்பவர் யார் என்று சொல்வதற்கு அதன் மேல் 2014-ல் கட்டப்பட்ட ஓபன்ஐடி கனெக்ட் வேண்டும். அணுகல் டோக்கன் கையில் இருப்பதாலேயே ஆள் உறுதியாகிவிட்டதாக எழுதப்படும் நிரல்களை நான் இன்னமும் பார்க்கிறேன். மருத்துவர்களுக்கு இதைக் கூடுதல் வசதியாகத் தரலாம். ஆனால் பயனரை மின்னஞ்சல் முகவரியால் அடையாளம் காணாதீர்கள், முகவரி கைமாறக்கூடும். ஓபன்ஐடி கனெக்ட் தரும் ஐடி டோக்கனில் வரும் 'சப்' என்ற மாறாத அடையாளத்தைச் சேமியுங்கள்.

வரவேற்பு மேசை

இதில் உங்கள் வாடிக்கையாளரோடு நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது. பொதுக் கணக்கில் ஒரு நோயாளியின் பதிவு திருத்தப்பட்டால் திருத்தியது யார் என்று எவராலும் சொல்ல முடியாது; வேலையை விட்டுப் போன ஊழியருக்கும் கடவுச்சொல் தெரிந்தே இருக்கும். ஆனால் அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எதிரே வரிசை நிற்கிறது, ஒரே கணினியில் மூவர் மாறி மாறி உட்காருகிறார்கள். ஒவ்வொரு முறையும் 15 எழுத்தைத் தட்டச் சொன்னால் அது மானிட்டரில் ஒட்டிய தாளில்தான் போய் முடியும்.

பணிநேரத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் கடவுச்சொல்லும் இரண்டாவது காரணியும் கொடுத்து முழுமையாக உள்நுழையட்டும். அதன் பிறகு அந்தக் கணினியில், அன்றைய பணிநேரம் வரை மட்டும், ஆளுக்கொரு ஆறு இலக்க பின் எண்ணால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறிக்கொள்ளலாம். ஐந்து முறை தவறினால் மீண்டும் முழு உள்நுழைவு. சில நிமிடம் கை படாவிட்டால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும். பொதுக் கணக்கை விட இது இரண்டு நொடிதான் அதிகம் பிடிக்கும் என்பதை வாடிக்கையாளரின் மேசையிலேயே செய்து காட்டுங்கள். வாதிட்டு வெல்வதை விட அது எளிது.

திரும்பி வரும் வழி

நோயாளிக்கு: எண் மாறினால் நேரில் வந்து, பதிவுச் சான்றைக் காட்டித்தான் புதிய எண்ணைச் சேர்க்க வேண்டும், பழைய எண்ணுக்கு ஓர் அறிவிப்பு போக வேண்டும். மருத்துவருக்கும் ஊழியருக்கும்: நிர்வாகி தொடங்கி, இன்னொரு பொறுப்பாளர் ஒப்புதல் தந்தால் மட்டுமே மீட்பு, தொலைபேசியில் வரும் அவசரக் குரலுக்காக எதுவும் திறக்கக் கூடாது. நிர்வாகிக்கு: அலமாரியிலுள்ள இரண்டாவது சாவி. அதுவும் போனால் உங்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் கோரிக்கை, ஒரு நாள் காத்திருப்பு. இந்தத் தாமதத்தை வாடிக்கையாளர்கள் வெறுப்பார்கள். ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது.

மின்னஞ்சல் வழியாகக் கடவுச்சொல்லை மீட்க விடுகிறீர்கள் என்றால், இணைப்பிலுள்ள டோக்கன் ஒருமுறை மட்டுமே செல்ல வேண்டும், அரைமணி நேரத்துக்குள் காலாவதியாக வேண்டும், தரவுத்தளத்தில் ஹேஷாகவே இருக்க வேண்டும். கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையில் ஒரே செய்தி வர வேண்டும். இல்லையேல் யார் யார் இந்த மருத்துவமனையின் நோயாளிகள் என்று வெளியாள் ஒருவர் சோதித்துப் பார்த்துவிடலாம். இணைப்பு வேலை செய்யவில்லை என்று அடிக்கடி புகார் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பல அலுவலக மின்னஞ்சல் அமைப்புகள் தீங்கான இணைப்பா என்று பார்க்க, பயனருக்கு முன்பே தாமே அதைத் திறந்து பார்க்கின்றன; அந்த வருகையிலேயே உங்கள் டோக்கன் செலவாகிவிடுகிறது. இணைப்பைத் திறந்தால் ஒரு பொத்தான் மட்டும் தோன்றட்டும். அதை அழுத்தும்போது மட்டும் டோக்கன் செலவாகட்டும்.

ஜேடபிள்யூடி, ஒப்பந்தம், பின்குறிப்பு

ஜேடபிள்யூடி உள்நுழைவு முறையே அன்று. உள்நுழைந்த பிறகு அதை நினைவில் வைத்திருக்கும் ஒரு வழி. ஒரே சர்வரும் ஒரே தரவுத்தளமும் உள்ள உங்களுக்கு அதனால் லாபம் எதையும் நான் காணவில்லை. 24 மணி நேரம் செல்லும் டோக்கனைக் கையில் வைத்திருக்கும் ஊழியரைக் காலையில் பணிநீக்கம் செய்தாலும், தனியாகத் தடைப்பட்டியல் ஒன்றை எழுதாதவரை அது அடுத்த நாள் வரை செல்லும். சர்வரில் செஷன் பதிவை அழித்தால் அந்த நொடியே வெளியேற்றம். எச்டிடிபிஒன்லி, செக்யூர், சேம்சைட் என்ற பாதுகாப்புக் குறிகள் மூன்றையும் இட்ட செஷன் குக்கியோடு இருங்கள்.

சட்டப் பக்கத்தில், உடல்நலத் தரவைப் பல நாட்டுச் சட்டங்கள் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்கள் இருக்கும் நாட்டின் விதியை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, கசிவு நேர்ந்தால் யார் யாருக்கு எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பொதுக் கணக்குதான் வேண்டும் என்று அந்த வாடிக்கையாளர் கடைசிவரை அடம்பிடித்தால், உங்கள் எச்சரிக்கையையும் அவருடைய முடிவையும் மின்னஞ்சலில் பதிவாக்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு; அது அவரோடு பகை பாராட்டுவது ஆகாது.

பின்குறிப்புக்கு விடை: ஹேஷையும் வெப்ஆத்என் சரிபார்ப்பையும் நீங்களே எழுதாதீர்கள். ஜாங்கோ, லாராவெல், ஸ்பிரிங் போன்ற கட்டமைப்புகளில் இருப்பதையும், நன்கு பராமரிக்கப்படும் லைப்ரரிகளையும் பயன்படுத்துங்கள். கீக்ளோக் போன்ற திறந்த மூல அடையாளச் சர்வரை நிறுவினால் பெரும்பகுதி தயாராகக் கிடைக்கும். ஆனால் நால்வர் குழுவில் ஒருவர் அதன் புதுப்பித்தலுக்கே நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். வெளிச்சேவையை வாங்குவதானால், கையெழுத்திடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: நாளை நாங்கள் விலகினால் பயனர் பட்டியலோடு கடவுச்சொல் ஹேஷ்களையும் ஏற்றுமதி செய்து தருவீர்களா? பாஸ்கீக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவை சேவை நிறுவனத்தின் டொமைனில் பதிவாகிவிட்டால் பிறகு உங்களோடு வர மாட்டா. எனவே முதல் நாளிலிருந்தே உங்கள் சொந்த டொமைனில் பதிய வையுங்கள்.